ஒரு அறை விடுங்க

மாலை ஆறு மணிக்குத் தையல் கடையில் மெஷின் நின்றுவிடும். அக்கா வெட்டுமேசையைத் துடைத்து, குண்டூசிகளை எண்ணிப் பெட்டியில் போட்டு, துணிக்கட்டுகளை ஓரமாகத் தள்ளுவாள். ஆறேகால் மணிக்கு அதே மேசையைச் சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் வேலை தேடி வெளி மாநிலங்களிலிருந்து வந்து, தமிழ் தெரியாமல் திருதிருவென்று விழிக்கிறவர்கள். அவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் அக்காவின் தம்பி.

தம்பி வாத்தியாரானதை அக்காவால் இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை. சின்ன வயதில் அவனுக்குக் குரல் உண்டா இல்லையா என்பதே தெருவில் பலருக்குச் சந்தேகம். பள்ளியில் பெயர் கூப்பிட்டால் பக்கத்து வகுப்பிலிருந்து அக்காதான் "உள்ளேன் ஐயா!" என்று கத்துவாள். முடிவெட்டுகிறவர் "வலிக்குதாப்பா?" என்று கேட்டால்கூட, "இல்லண்ணே, வலிக்கல" என்று அக்காவே சொல்லிவிடுவாள். அவள் படிப்பு ஏழாவதோடு நின்றது. அவன் படித்துக்கொண்டே போய் மொழிப் பாடத்தில் பட்டம் வாங்கினான்.

வாய் மூடி உட்கார்ந்திருப்பவர்களை அவன் விடமாட்டான். விரட்டவும் மாட்டான். கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுவான். அதுவரை யாரும் பதில் சொல்லக் கூடாது. எண்ணி முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் சத்தமாக. பேக்கரிக்காரருக்கு இது பெரிய தண்டனை. பேச ஆரம்பித்தால் நிறுத்தாத அவருக்கு வகுப்பில் 'ரேடியோ' என்று பெயர். ஏழு எண்ணுவதற்குள் அவருக்கு முகம் சிவந்துவிடும்.

இந்த முறையில் எட்டுப் பேர் வாய் திறந்துவிட்டார்கள். ஒன்பதாவது ஆள் வெல்டர். முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் பேசினார். அப்புறம் திடீரென்று ஷட்டரை இறக்கியது போல வாயை மூடிக்கொண்டார். கேட்டால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான்.

தம்பிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"நான் கேட்டுப் பாக்கவாடா?" என்றாள் அக்கா.

"நீ கேட்டா பதிலையும் நீயே சொல்லிடுவ. சும்மா இரு அக்கா."

ஒருநாள் வெல்டர் வருவதற்கு முன்பே ரேடியோ வந்து விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"வாத்தியாரே, வெல்டர் வீடு தேடுது. அடுத்த மாசம் பொண்டாட்டி, பொண்ணு வருது. இப்ப ஒரே கொட்டகைல பதினோரு ஆள். மஞ்ச கேட் வீட்டு அம்மாகிட்ட போயி, 'அம்மா, எனக்கு ஒரு அறை விடுங்க'ன்னு கேட்டுது. அந்த அம்மா, 'ஒண்ணு போதுமா?'ன்னு கேட்டுது. தெருவே சிரிச்சுது. வெல்டர் ஓடிப் போச்சு."

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

வகுப்பில் கலப்படமில்லாத தமிழ்தான் என்று சட்டம் போட்டவன் அவன்தான். 'அறை' எட்டாம் பாடத்தில் இருந்தது. 'வாடகை' ஒன்பதாம் பாடத்தில். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் வெல்டர் வீடு கேட்கப் போய்விட்டார்.

"ரூம்னு சொல்லிக் குடுத்தா வாய் வெந்துடுமாடா? ஊர்ல எவன் அறைங்கறான்? அடிக்கறவன்தான் சொல்றான்" என்றாள் அக்கா.

மறுநாள் அவன் வெட்டுமேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு, வெல்டரை உட்கார வைத்தான்.

"தப்பாச் சொல்லிக் குடுத்தது நான். அத விடுங்க. இன்னைக்கு நீங்கதான் வீட்டுக்காரர். இவங்க எல்லாரும் ரூம் கேப்பாங்க. நீங்க 'இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

முதலில் வந்தவருக்கு, "இல்ல." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. இரண்டாமவருக்கு, "இல்ல, போங்க." மூன்றாவதாக ரேடியோ கும்பிட்டுக்கொண்டே வந்து குடும்பக் கதை முழுவதையும் அவிழ்த்துவிட்டார். வெல்டர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"எத்தன பேரு? சொந்தக்காரங்க அடிக்கடி வருவாங்களா? சுவத்துல ஆணி அடிப்பீங்களா? தண்ணி அளவாத்தான் செலவு பண்ணணும். நீங்க இவ்ளோ பேசுறீங்க. தூக்கம் போயிடும். வீடு இல்ல!"

வகுப்பே கைதட்டியது. ஏறி இறங்கிய ஒவ்வொரு வாசலிலும் அந்த மனிதர் வீட்டுக்காரர்களின் பேச்சை ஒரு வரி விடாமல் மனப்பாடம் செய்திருக்கிறார்! தம்பி இரண்டு தடவை இருமினான். அவன் அழாமல் இருப்பதற்கு இருமுவான் என்பது அக்காவுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வெல்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "அக்கா, மஞ்ச கேட். கூட வர்றீங்களா? தைரியத்துக்கு" என்றார். அக்கா உடனே செருப்பை மாட்டினாள்.

தம்பி வாசலில் மறித்தான். "போ. ஆனா வாயத் திறக்கக் கூடாது."

"நான் என்னைக்குடா தேவையில்லாமப் பேசியிருக்கேன்?"

தம்பி பத்து எண்ணுவது போல நின்றான்.

மஞ்சள் கேட் அம்மா வெல்டரைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "என்னப்பா, மறுபடியும் அறை வேணுமா?"

அக்காவின் நாக்கு நுனிவரை நாலு வார்த்தை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். வெல்டர் தரையைப் பார்த்தார். தெருக்கோடியில் ஒரு சைக்கிள் வந்து, கடந்தே போய்விட்டது. அவர் இன்னும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்மா. ரூம் போதும். வாடகைக்கு."

அந்த அம்மா சிரிப்பை நிறுத்தி, கதவை அகலத் திறந்தாள்.

"எத்தன பேரு?"

"நான், மனைவி, பொண்ணு. சொந்தக்காரங்க தூரம். ஆணி அடிக்க மாட்டேன். தண்ணி அளவா." அவள் கேட்காததற்கும் சேர்த்துப் பதில் வந்தது.

சாவி எடுக்க உள்ளே போனவள் திரும்பி, அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். "இவங்க யாரு? வந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசலியே?"

"வாத்தியாரோட அக்கா" என்றார் வெல்டர். "ரொம்பக் கூச்சம்."