அறவேண்டிய கம்பி

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டுவதுதான் என் கணவரின் வேலை. தான் கட்டியது அறுந்துபோனால் அவருக்கு அது பெரிய அவமானம். அதனால் மின்சார அடுப்பையும் ஸ்திரிக்கைப் பெட்டியையும் சேர்த்துப் போடும்போதெல்லாம் வீட்டு பியூஸ் எரிந்துபோவது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறு மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, மெல்லிய பியூஸ் கம்பி இருந்த இடத்தில் தடித்த செப்புக் கம்பியை முறுக்கிப் போட்டார்.

"இனி ஏழு பிறப்புக்கும் அறாது," என்றார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கரண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, பயப்பட மட்டும் தெரியும். அடுப்பும் பெட்டியும் சூடாகிக்கொண்டிருக்க, குசினிச் சுவரில் போகிற வயரைப் புறங்கையால் தொட்டேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோலச் சுட்டது.

"இஞ்ச வந்து தொட்டுப் பாருங்கோ."

"உமக்கு எதைத் தொட்டாலும் சுடும்," என்று சிரித்துக்கொண்டு வந்தவர், தொட்டதும் கையை எடுத்துவிட்டார்.

"முந்தியெண்டா இவ்வளவு சுடுறதுக்கு முன்னம் அந்தக் கம்பி எரிஞ்சு கரண்டை நிப்பாட்டிப்போடும். இப்ப எது எரியப்போகுது?" என்று கேட்டேன்.

அவர் போய் மெயினை நிறுத்திச் செப்பைக் கழற்றினார். கடைக்குப் போய்ப் பழையபடி மெல்லிய கம்பி வாங்கி வந்தார்.

"அறுகிறதுக்கெண்டே கட்டுறன். வேலையிடத்தில ஆருக்கும் சொல்லிப்போடாதையும்."

"ஓம், சொல்லமாட்டன்."

அடுத்த ஞாயிறு மறந்துபோய் இரண்டையும் சேர்த்துப் போட்டேன். பாடிக்கொண்டிருந்த ரேடியோ சட்டென்று நின்றது. அவர் முகம் சுருங்கியது. நான் வயரைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. நிம்மதியாக விறகடுப்பை மூட்டித் தேத்தண்ணீருக்கு வைத்தேன்.