பேண்டேஜ் கம்பெனி வீட்டுக்கு ஒரு ஹப் வாங்கிய கதை

"ஏம்மா, ஒங்க கடையில ஆம்பளையாளு யாரும் இல்லையா? நீ எப்ப ஏணியில ஏறி, எப்ப ஒயர் இழுத்து முடிக்க?"

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி நடத்தும் அண்ணாச்சி, கையில் கேபிள் சுருளோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் கேட்டது இது.

"ஏணி எங்க இருக்கு அண்ணாச்சி?" என்றேன். அவர் கொல்லைப்பக்கம் கையைக் காட்டினார்.

பாலிடெக்னிக்கில் இப்போது படிக்கும் தங்கைகள், வேலைக்குப் போனால் என்ன நடக்கும் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் அப்பா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறார். அம்மா, புண்ணுக்குக் கட்டும் காஸ் துணி மடிக்கப் போகிறாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்த முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, இராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் விற்கும் ஒரு கடைக்கு வேலைக்குப் போனேன். டிப்ளமோ படித்தவளுக்கு அங்கே கிடைத்தது கவுண்டர். பில் போட வேண்டும், வருகிறவர்களுக்குப் பயோடேட்டா டைப் அடித்துக் கொடுக்க வேண்டும்.

வெளிவேலைக்கு அனுப்பச் சொல்லி முதலாளியை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் சொன்னார்: "சரி, அந்தப் பேண்டேஜ் கம்பெனி வேலைய நீ பாரு. நல்லா முடிஞ்சா டூல்கிட்டு ஒங்கிட்டயே இருக்கட்டும், இனிமே நீதான் பீல்டு. சொதப்புனா பொறவு கவுண்டர விட்டு நகரக் கூடாது."

பஞ்சும் பிளாப்பியும்

அண்ணாச்சி வீடும் கம்பெனியும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. மாடியில் வீடு. கீழே ஆபீஸ். பின்னால் பேக்கிங் நடக்கும் குடோன். மூன்று இடத்திலும் கம்ப்யூட்டர் உண்டு, பிரிண்டர் ஆபீஸில் மட்டும். ஆர்டரையும் லேபிளையும் மாடியிலிருந்தே பார்த்துக்கொண்டவர் அண்ணாச்சியின் மனைவி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர் டைப் அடித்ததைப் பிளாப்பியில் ஏற்றி, யாராவது கீழே கொண்டுபோக வேண்டும். அந்த இடத்திலோ மூச்சு விட்டாலே பஞ்சு பறக்கும். பிளாப்பிக்குள் பஞ்சு போய்விடும், டிரைவ் அதைப் படிக்காது.

"ஒரு லேபிள் அடிக்க மூணு தடவ படி ஏறி எறங்குதாக. கம்ப்யூட்டர் வாங்குனது கால் வலிக்கவா?" என்று அக்கா அண்ணாச்சியைக் கேட்டார்.

"ஒயரே இல்லாம சேக்க முடியாதாம்மா?" என்று அண்ணாச்சி என்னைக் கேட்டார்.

ஒயர் இல்லாமல் கம்ப்யூட்டர்களை இணைக்கும் கருவி வெளிநாட்டில் வந்துவிட்டதாகப் பத்திரிகையில் படித்திருந்தேன். அதன் விலையில் இன்னொரு கம்ப்யூட்டரே வாங்கலாம் என்று சொன்னதும் அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அப்போது எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கோஆக்ஸியல். டிவி கேபிள் மாதிரி இருக்கும் ஒரே ஒயரை ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் தொட்டுக்கொண்டு இழுப்பது. அதன் இரண்டு நுனியிலும் டெர்மினேட்டர் என்று சின்ன உலோக மூடி போட வேண்டும். இன்னொன்று, நடுவில் ஹப் என்ற பெட்டியை வைத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனி ஒயர் கொடுப்பது. இதில் பெட்டிக்கும் காசு, ஒயரும் அதிகம்.

நான் ஹப் என்றேன். "மூணு கம்ப்யூட்டருக்கு ஹப் எதுக்கு? அண்ணாச்சி சிக்கனம் பாக்கிற ஆளு. கோஆக்ஸியல் போதும்" என்றார் முதலாளி. நான் தோற்றேன். ஆனால் ஒன்றில் மட்டும் விடவில்லை. நெட்வொர்க் கார்டை, இரண்டு வகை ஒயரும் சொருகக்கூடிய காம்போ கார்டாகவே வாங்க வைத்தேன். விலை வித்தியாசம் கொஞ்சம்தான்.

ஏணியில் ஏறி, சுவரில் கிளிப் அடித்து, மாடியிலிருந்து ஆபீஸ் வழியாகக் குடோன் வரை ஒயர் இழுத்தேன். சாயங்காலம் அக்கா மாடியில் பட்டனைத் தட்ட, கீழே லேபிள் அடித்தது. குடோனில் துணி மடிக்கும் மாரியக்கா ஓடிவந்து பிரிண்டரைப் பார்த்தார். "ஆளே இல்லாம அடிக்குது" என்றார். அண்ணாச்சி ஏணியைத் தானே தூக்கிக் கொல்லையில் கொண்டுபோய் வைத்தார்.

பூசைக்குக் கழற்றிய மூடிகள்

ஆயுத பூசை முடிந்து, மறுநாள் விஜயதசமி. அன்றுதான் எல்லாக் கம்பெனியிலும் மெஷினைத் திரும்ப ஓட விடுவார்கள். கடை திறந்ததுமே போன்.

"ஏம்மா, நீ போட்டது படுத்துருச்சு. நல்ல நேரத்துல மொத லேபிள் அடிக்கணும்னு ஒங்க அக்கா குளிச்சு ரெடியா உக்காந்திருக்காக. நீ வாரியா, வேற ஆள அனுப்பச் சொல்லட்டா?"

"நானே வாரேன் அண்ணாச்சி."

முதலாளி கவுண்டர் நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார்.

போய்ச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் மூன்றுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம், மாலை. ஆனால் ஒன்றின் திரையில் மற்றொன்று தெரியவில்லை. கார்டைக் கழற்றலாமா என்று யோசித்தபோது அம்மாவின் நினைவு வந்தது. ஆயுத பூசைக்கு முந்தின நாள் அவள் வேலை செய்யும் இடத்தில் எதையும் விட மாட்டார்கள். கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றி, கழுவித் துடைத்து, பொட்டு வைத்துத்தான் மாட்டுவார்கள். நான் மாரியக்காவிடம் போனேன்.

"பூசைக்கு என்னத்தையெல்லாம் கழட்டுனீக அக்கா?"

"எல்லாத்தையும்தான் கழட்டுனோம். கத்திரி, தராசு, தையல் மெஷினு."

"கம்ப்யூட்டர்ல?"

"பொறத்தால சின்னதா பளபளன்னு ஒரு மூடி இருந்துச்சு. பஞ்சா அப்பிக் கெடந்துச்சு. சோப்புப் போட்டுக் கழுவி, சந்தனம் வச்சுத் திரும்ப மாட்டிட்டேன். ஏன், வெளக்கெண்ண விட்டிருக்கணுமோ?"

அவர் நிஜமாகவே கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். மூடியைத் திருகி எடுத்தேன். உள்ளே குழைத்து வைத்த சந்தனம். மாரியக்கா செய்த வேலையில் அரைகுறை கிடையாது. பேண்டேஜ் கம்பெனியில் ஸ்பிரிட்டுக்கும் காஸ் துணிக்கும் பஞ்சமா? துடைத்து, காயவைத்து மாட்டினேன். அப்போதும் வரவில்லை. மாடிக்கு ஓடினேன். அங்கே ஒயர் நுனி மொட்டையாக இருந்தது.

"அக்கா, இங்க இருந்த மூடி?"

"அதுவா? பூசை ரூம்ல, புஸ்தகத்துக்கு மேல இருக்கு. எங்க வீட்டு ஆயுதம்னு நான் வேற எதைம்மா வைக்க?"

"அது இல்லாம லேபிள் அடிக்காதுக்கா. எடுத்துத் தாரீகளா?"

"மறுபூசை போடாம எப்படி எடுக்க?"

கீழே அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினார், "நல்ல நேரம் முடியப் போவுது." அக்கா அவசரமாகச் சூடம் ஏற்றினார். எனக்கும் காட்டினார். நான் தொட்டுக் கும்பிட்டேன். சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு, டெர்மினேட்டரைப் புத்தகத்தின் மேலிருந்து எடுத்து மாட்டினேன். அக்கா பட்டனைத் தட்டினார். கீழே பிரிண்டர் சத்தம் கேட்டதும் மாரியக்கா குலவை போட்டார்.

அண்ணாச்சி யோசனையோடு மேலே வந்தார். "இத்துனூண்டு மூடி. ஒண்ணு இல்லைன்னா அம்புட்டும் படுத்துருமா?"

"ஆமா அண்ணாச்சி. ஒரே ஒயருங்கறதால அப்படி. ஹப் வச்சா ஒரு எடம் போனாலும் மத்தது ஓடும். கார்டு மாத்த வேண்டாம், முன்னாடியே பாத்துத்தான் வாங்கியிருக்கு."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன் அண்ணாச்சி. எங்க முதலாளிகிட்ட."

எந்த ஹப்

அண்ணாச்சி ஹப்பே வைக்கச் சொல்லிவிட்டார். இந்த முறை வாங்கி வர மதுரைக்கு முதலாளி என்னையே அனுப்பினார். அங்கே மொத்த வியாபாரி, பதினாறு கம்ப்யூட்டர் சொருகும் பெரிய பெட்டியை எடுத்து வைத்தார். "உள்ள பேன் இருக்கு மேடம். சூடே ஆகாது."

அந்தப் பேன்தான் எனக்குப் பிடிக்கவில்லை. காற்றை இழுக்கும் பேன் பஞ்சையும் இழுக்கும். அம்மா சாயங்காலம் வீட்டுக்கு வந்து தலையை உதறும்போது எவ்வளவு பஞ்சு விழும் என்று எனக்குத் தெரியும். பேன் இல்லாத, எட்டு ஓட்டை உள்ள சின்னப் பெட்டி ஒன்று அலமாரியின் ஓரத்தில் இருந்தது. பெரிய பெட்டியின் விலையில் பாதிகூட இல்லை. கேரண்டிக்கு மதுரையிலேயே மாற்றித் தருவார்களா என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்கினேன். குடோனில் வைக்காமல், மாடிப்படித் திருப்பத்தில் கைக்கு எட்டாத உயரத்தில் அடித்து, அங்கிருந்து மூன்று கம்ப்யூட்டருக்கும் தனித்தனி ஒயர் இழுத்து, யூபிஎஸ்ஸிலிருந்து கரண்ட் கொடுத்தேன்.

வேலை முடிந்ததும் அண்ணாச்சி தானே சோதித்தார். குடோன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, "இப்ப அடி" என்று மாடியைப் பார்த்துச் சொன்னார். லேபிள் வந்தது. குடோனைச் சொருகிவிட்டு மாடி ஒயரைப் பிடுங்கினார். குடோனில் தட்டியதும் ஆபீஸில் லேபிள் வந்தது. பிறகு திரும்ப முதலிலிருந்து தொடங்கினார்.

"போதும், பேப்பரெல்லாம் தீரப் போவுது" என்றார் அக்கா.

"செத்த நேரம் சும்மா இரு. அந்தப் பிள்ள வேலை எப்படின்னு பாக்கேன்" என்றார் அண்ணாச்சி. நான் கிளம்பும்போது, தன் மச்சானுடைய மில் ஆபீஸுக்கும் நானேதான் வர வேண்டும் என்று முதலாளிக்குப் போன் செய்து சொன்னார். மறுநாள் முதலாளி டூல்கிட் பையை என் பக்கம் தள்ளி வைத்தார். கவுண்டருக்கு வேறு ஆள் வேண்டும் என்று கடை வாசலில் அட்டை தொங்கியது. அந்த அட்டையில் இருந்த எழுத்து, நான் டைப் அடித்தது.

தங்கைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். பெட்டியின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். அது எந்த இடத்தில் இருக்கப் போகிறது, அதைத் தினமும் யார் தொடப் போகிறார்கள் என்று முதலில் போய்ப் பாருங்கள். தேவைக்கு மேல் பெரியதும் வீண், பிறகு மாற்ற முடியாத மலிவும் வீண். நீங்கள் வளர்ந்த வீட்டில் தெரிந்துகொண்டது எதுவும் படிப்புக்கு வெளியே என்று நினைக்க வேண்டாம்.

மச்சானுடைய மில் ஊருக்கு வெளியே இருக்கிறது. டவுன் பஸ்ஸில் கேபிள் பெட்டியை ஏற்றினால் கண்டக்டர் சண்டைக்கு வருகிறார். அதனால் பழைய மொபெட் ஒன்று வாங்கி, எல் போர்டு ஒட்டிவிட்டேன். திங்கட்கிழமை காலை அதில்தான் கிளம்பினேன். பெட்டி பின்னால் கட்டியிருந்தது. வழியில் எங்கும் விழவில்லை.