கணினியோடு செத்தவீட்டுக்குப் போன கதை

போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், கனடாப் பனியை விட்டு யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், புளியங்கூடலில் குடியேறினேன். பிறந்த ஊரில் இருக்க விசா எடுத்து வந்த வெளிநாட்டுக்காரன் நான். கனடா ஆஸ்பத்திரிகளின் பிரசுரங்களைத் தமிழாக்குவது என் வேலை. எங்கிருந்தும் செய்யலாம் என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் தீவுப் பக்கம் வந்ததில்லை.

பகல் முழுக்க வீட்டில் கிடக்கும் ஆம்பிளையை ஊர் சும்மா விடுமா? பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டிக் கேட்டார்.

“தம்பி, கனடாவில உம்மை வேலையால கலைச்சுப்போட்டாங்களோ?”

“இல்லை அக்கா, இஞ்சையிருந்துதான் வேலை செய்யிறனான்.”

“ஓமோம். என்ர மனுசனும் சாய்மனைக் கதிரையில கிடந்துகொண்டே தோட்டம் கொத்துறவர்.”

மின்சாரம் இல்லாமல், வேலையை அனுப்பவேண்டிய கெடுவை இரண்டு தரம் தவறவிட்டிருந்தேன். மூன்றாவதும் தவறினால் வேலை வேறு ஆளுக்கு என்று எழுதிவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை, கனடாவில் கந்தோர் திறக்குமுன், அதாவது இங்கே இருட்டுவதற்குள், நீரிழிவுப் பிரசுரம் போய்ச் சேரவேண்டும். கடைசிப் பக்கம் மிச்சம். மின்னஞ்சல் அனுப்பும் கொமினிகேசன் கடை பூட்டிக் கிடந்தது. அக்காவின் பெரியப்பா காலமாகிவிட்டார்; கடைக்காரரும் அவரது ஜெனரேற்றரும் செத்தவீட்டில்.

கணினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் போனேன். பந்தலில் வயரைச் செருகியதும் சனம் சூழ்ந்தது.

“மரண நோட்டீஸ் அடிக்கத் தம்பி வந்திட்டார்!” என்றார் அக்கா.

கணினியோடு ஒருவன் செத்தவீட்டுக்கு வேறு எதற்கு வருவான்? பிரசுரத்தை மூடிவிட்டு நோட்டீசைத் தட்டத் தொடங்கினேன்.

செத்தவரின் பிள்ளைகள் லண்டன், பாரிஸ், ரொறன்ரோ. மருமகன் ஒருவரோடு கதைபேச்சு இல்லை. அவர் பேரைப் போடுவதா என்பதிலேயே மத்தியானம் போனது. போட்டோம், எடுத்தோம், திரும்பப் போட்டோம்.

“செத்தவர் சும்மா கிடக்கிறார், உயிரோட இருக்கிறவைக்குத்தான் பேர் வரிசை,” என்றார் கடைக்காரர்.

இடையில் என் கடைசிப் பக்கத்தையும் முடித்தேன். அங்கே போய் அனுப்பலாமென்றால், யாழ்ப்பாணத்துக்குப் பின்னேர பஸ் போய்விட்டிருந்தது. நோட்டீசைப் பிள்ளைகளுக்கு அனுப்பக் கடைக்காரர் கடையைத் திறந்தார். ஜெனரேற்றர் பந்தலில்; கடையில் இருந்தது ஒரு பழைய கார் பற்றறிதான். கொஞ்ச நேரம் தாங்கும்.

“அண்ணை, முதல் என்ரயை அனுப்புவம். வேலை போயிடும்.”

“செத்தவீட்டு அலுவல்தான் தம்பி முதல். உம்மட வேலை எங்கை ஓடப்போகுது?”

லண்டனுக்குப் போனது. பாரிசுக்குப் போனது. ரொறன்ரோவுக்கும் போனது. அதோடு பற்றறியும் போனது.

திங்கட்கிழமை யாழ்ப்பாணம் போய் மின்னஞ்சலைப் பார்த்தேன். வேலை ஓடித்தான் இருந்தது. என் தமிழ் மிக நல்லதாம், வேறு ஆளைப் பிடித்துவிட்டார்களாம்.

திரும்பி வர, வேலியடியில் அக்கா நின்றார். “நோட்டீசில ஒரு பிழையில்லையெண்டு பக்கத்து ஊர், சுருவில் சனமும் சொல்லுது. இப்பதான் நீர் ஒரு வேலை செய்தனீர். முப்பத்தொண்டாம் நாள் சடங்கு நோட்டீசும் நீர்தான் அடிக்கவேணும். நேரமிருக்குமோ?”

“ஓம் அக்கா,” என்றேன். “நேரம் மட்டும்தான் இருக்கு.”