உறையாத மெழுகு

வீட்டுச் சூட்டை உறிஞ்சும் என்று சொல்லி விற்கிற பொருள்கள் நிஜமாகவே எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று அளந்து சொல்வதுதான் என் பிழைப்பு. மே மாதத்தில் மொட்டைமாடிக்குக் கீழே புரண்டு புரண்டு படுக்கும் உங்களுக்கு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் ஆய்வகத்திலிருந்து சில சங்கதிகள்.

ஆட்டோவில் வந்த மாதிரி

பூந்தமல்லியில் பட்டறை வைத்திருக்கும் ஏகாம்பரம், கூரைக்கு அடியில் பொருத்தும் பலகை செய்கிறார். உள்ளே மெழுகு. பகலில் அது உருகும்போது சூட்டை விழுங்கிக்கொள்ளும். ராத்திரி உறைந்தால்தான் மறுநாள் மறுபடி விழுங்கும். மாதிரியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். வானகரம் தாண்டுவதற்குள் உருகி, வேட்டியெல்லாம் மெழுகு. எனக்குச் சிரிப்பு, அவருக்கோ பெருமை.

"பாத்தீங்களா சார், இன்னாமா வேல செய்யுது!"

கேட்டதை மட்டும்

வாடிக்கையாளர் கேட்டதை மட்டும் அளப்பது எங்கள் வழக்கம். உருகும்போது எவ்வளவு சூடு பிடிக்கிறது என்று ஏகாம்பரம் கேட்டார், நன்றாகவே பிடித்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதைக் குளிரவைத்து உறையவைத்தது எங்கள் இயந்திரம். நம் ஊர்க் கோடை ராத்திரி அந்த வேலையைச் செய்யுமா?

அதற்குள் வேப்பம்பட்டில் ஒரு கம்பெனியின் பெண்கள் விடுதிக்குப் பலகை போக ஏற்பாடாகிவிட்டது. எங்கள் ஆய்வகத்தில் மாதிரி நறுக்கும் கோமதியின் தங்கை வனஜா அங்கேதான் இருந்தாள். ராத்திரி ஷிஃப்ட், தூக்கமெல்லாம் பகலில், தகரக் கூரைக்கு அடியில். ராத்திரிச் சூட்டில் மெழுகு உறையாமல் போகலாம் என்று ஏகாம்பரத்திடம் சொல்லிப் பார்த்தேன்.

"ராத்திரி தானா ஆறிடும் சார், இன்னாத்துக்கு பயந்துகினு கீறீங்க?"

விடியற்காலை

மே வந்தது. தங்கைக்குத் தலைசுற்றல், வாந்தி என்றாள் கோமதி. பொழுது விடியும்போது இருவரும் விடுதிக்குப் போனோம். அந்த நேரத்தில் மெழுகு கல்லாக இருக்க வேண்டும். ஏணி போட்டுப் பலகையைத் தட்டினேன், உள்ளே தளும்பியது. இது போதாதென்று, பலகைக்காகக் கூரையோரத்துக் காற்று வழியையும் அடைத்திருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்த வனஜாவிடம், உடனே கிளம்பி அக்கா வீட்டுக்கு வரச் சொன்னோம். அவள் பாயை உதறிப் போட்டாள்.

"விடுதிய வுட்டா வேலையும் பூடும்க்கா. போ, தூங்கணும்."

கண்ணாடிப் பெட்டி

அந்த வாரமே ஒரு பகல் தூக்கத்திலிருந்து வனஜா எழுந்திருக்கவில்லை. கொரட்டூரில் கோமதி வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு, குளிர்பெட்டிக்குள் அவளைக் கிடத்தியிருந்தார்கள். ஏகாம்பரமும் மாலையோடு வந்தார். சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது எனக்கு. எல்லாரையும் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கோமதி கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்குத்தான் சார் சில்லுனு தூங்குறா."

எங்கள் சோதனைக் கணக்கில் அந்த மெழுகு இன்றைக்கும் தேறிய சரக்குதான்.