சி படிவமும் மூன்றாவது பாட்டும்

வெளிநாட்டவர் ஒருவர் லாட்ஜில் அறை எடுத்தால், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய சி படிவத்தை இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். இது முதல் விதி. சுற்றுலா விசாவில் வந்தவர் பொது இசை நிகழ்ச்சி நடத்தக் கூடாது. இது இரண்டாவது. முதல் விதியை இருபத்தாறு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் தவறவிட்டதில்லை. இந்தக் குறிப்பு இரண்டாவதைப் பற்றியது.

1. குளிக்கத் தடை

குற்றாலத்தில் இலஞ்சி சாலை லாட்ஜ் ஒன்றில் மேனேஜராக இருந்தேன். படித்தது எம்.ஏ. வரலாறு. லாட்ஜ் வேலைக்கு வரலாறு எதற்கு என்பார்கள். அறை கேட்டு வருகிறவர்கள் சொல்லும் காரணங்களை நம்பாமலிருக்க அதைவிட நல்ல படிப்பு கிடையாது.

சாரல் பருவத்தில் ஸ்வீடனிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். எலின் என்ற பெண் பாடுபவள், கிட்டார் வாசிப்பவள். மற்ற இருவரில் ஒருவன் பேஸ் கிட்டார், இன்னொருவன் டிரம்ஸ். சுற்றிப் பார்க்க வந்ததால் கையில் இருந்தது ஒரே ஒரு கிட்டார். முதல் ஆல்பம் அப்போதுதான் வெளியாகியிருந்தது. அவர்கள் ஊரிலேயே பாதிப் பேருக்கு அவர்களைத் தெரியாது என்று எலினே சொன்னாள். இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவதாகத் திட்டம்.

அன்று மாலையே அருவிகளில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். லாட்ஜ்காரனுக்கு இதைவிட மோசமான செய்தி இல்லை. குளிக்க வந்தவர்கள் குளிக்காவிட்டால் மனிதர்களாக இருப்பதில்லை. உடம்பெல்லாம் எண்ணெயோடு வராந்தாவில் மேலும் கீழும் நடந்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருவர் கவுன்ட்டருக்கு வந்தார்.

“தடைய எடுத்துட்டாவளா சார்?”

“தண்ணிகிட்ட கேட்டிருக்கேன். பதில் வந்ததும் சொல்லுதேன்.”

தடை நீங்கட்டும் என்று ஸ்வீடன்காரர்களும் தங்கிவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை, கார் ஷெட்டில் எலின் கிட்டாரை எடுத்தாள். டிரம்ஸ்காரன் குளியல் வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டான். கவுன்ட்டரை விட்டு நகரக் கூடாது என்பது நானே போட்ட விதி. நகர்ந்தேன்.

பவர் பாப் என்று அதற்குப் பெயராம். ஆலாபனை முடியும்வரை அசையாமல் உட்காரும் பொறுமை எனக்கு உண்டு. இந்தப் பாட்டு அந்தப் பொறுமையைக் கேட்கவே இல்லை. ஆரம்பித்த வேகத்தில் உச்சத்துக்குப் போகிறது, மூன்று பேரும் சேர்ந்து குரலை உயர்த்துகிறார்கள், இனிமேல்தான் பாட்டு என்று நாம் நினைக்கும்போது முடிந்துவிடுகிறது. மெட்டு திருவிழா, ஆங்கிலத்தில் இருந்த வரிகள் துக்கம். மூன்றாவது பாட்டில், யாரிடமும் சொல்லாமல் ஊரை விட்டுக் கிளம்பிய ஒருத்தி, பஸ் புறப்பட்ட பிறகு அடுப்பை அணைத்தோமா என்று யோசிக்கிறாள். அவ்வளவுதான். இன்னொரு தடவை கேட்டால்தான் மூச்சு சீராகும் போலிருந்தது.

துணி துவைக்கும் பேச்சியம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“என்ன பாஷைன்னே தெரியல சார். போர்வையப் பிழிஞ்சா கை தன்னால அந்தத் தாளத்துக்குப் பிழியுது.”

2. ஃபிளெக்ஸ் போர்டு

லாட்ஜ் முதலாளி சுரண்டைக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. மத்தியானம் அவர் வந்தபோதே ஆட்டோவில் ஃபிளெக்ஸ் போர்டும் வந்தது. ‘இன்று மாலை 5 மணிக்கு, ஸ்வீடன் நாட்டின் புகழ்பெற்ற இசைக்குழு, அனைவரும் வருக.’ குழுவின் படம் தீப்பெட்டி அளவு. அண்ணாச்சியின் படம் கதவு அளவு.

“அண்ணாச்சி, அவங்க டூரிஸ்ட் விசா. போர்டெல்லாம் வைக்கக் கூடாது.”

“இந்த மழைல எவன் சார் பாக்கான்? பாட்டு இருந்தா ஒருத்தனும் ரூம காலி பண்ண மாட்டான். சும்மா இரிங்க.”

அடையாள அட்டை இல்லையென்று ஒரு பெரிய அதிகாரியின் சம்பந்தியையே வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான். வேறு நாளாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் அந்தப் போர்டு மடிந்து ஸ்டோர் ரூமுக்குப் போயிருக்கும். அன்று சும்மா இருந்தேன்.

எலின் போர்டைக் காட்டி, “என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டாள்.

“உங்களுக்கு வரவேற்பு” என்றேன்.

அவள் மகிழ்ந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

காலையில் பாடியதுபோலப் பொழுதுபோக்காகப் பாடுகிறோம் என்றுதான் மாலையும் உட்கார்ந்தார்கள். ஷெட் நிரம்பியது. ஈரத் துண்டோடும் எண்ணெய்த் தலையோடும் ஜனம் கை தட்டியது. மூன்றாவது பாட்டை இரண்டு தடவை பாடினார்கள். இரண்டாவது தடவை பாடச் சொல்லிக் கேட்டது நான்.

3. வாக்குமூலம்

மறுநாள் காலை ஏட்டையா வந்தார். யாரோ எடுத்துப் போட்ட வீடியோ அவர் போனில் ஓடியது. பாடுகிறவர்களுக்குப் பின்னால் போர்டு பளிச்சென்று தெரிந்தது.

“உங்க சி படிவத்துல டூரிஸ்ட்டுன்னு இருக்கு. இங்கன புகழ்பெற்ற இசைக்குழுன்னு இருக்கு. எது சார் சரி?”

விஷயத்தை ஆங்கிலத்தில் சொன்னதும் எலின் வெளிறிப்போனாள். மார்கழியில் சென்னையில் வாசிக்க அழைப்பு இருந்தது. அதற்கு முறையான விசாவுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியே அவர்களுக்கு அதுதான் முதல் மேடை. விதி மீறியவர்கள் என்று ஒரு வரி விழுந்தால் விசா கிடைப்பது சந்தேகம்.

“வரவேற்பு என்றுதானே சொன்னீர்கள்?” என்று கேட்டாள்.

அண்ணாச்சி என்னை மாடிப்படிக்கு அடியில் இழுத்துப் போனார். “அவங்களே கேட்டுத்தான் போர்டு வச்சோம்னு எழுதிருங்க சார். அவங்க இன்னைக்கு பிளைட் ஏறிருவாங்க. நாமதான இங்கன கெடக்கணும்?”

கவுன்ட்டருக்குத் திரும்பி வெள்ளைத்தாளில் எழுதினேன். குழுவினருக்குத் தமிழ் தெரியாது. போர்டு வைக்கும்படி அவர்கள் கேட்கவில்லை. வைத்தது லாட்ஜ் நிர்வாகம். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்களிடம் நான் பொய் சொன்னேன். விதி எனக்குத் தெரியும். போர்டை நான் அகற்றாததற்குக் காரணம், அவர்களுடைய பாட்டை மறுபடி கேட்க நான் விரும்பியதே.

ஏட்டையா இரண்டு முறை படித்தார். “கடைசி வரி வேணுமா சார்? மேல உள்ளவங்க படிச்சா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். காரணம் எழுதணும்னுதான விதி?”

வாய்மொழி எச்சரிக்கையோடு அவர்களைப் போகச் சொன்னார்கள். வாக்குமூலத்தின் நகலையும் அதன் ஆங்கில வடிவத்தையும் கையெழுத்திட்டு எலினிடம் கொடுத்து, விசா விண்ணப்பத்தோடு சேர்க்கச் சொன்னேன். வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்த வாரம் அண்ணாச்சி, “ஒங்களுக்கும் வயசாவுதுல்லா சார், ரெஸ்ட் எடுங்க” என்றார். நான் ஓய்வு பெற்ற முறை இதுதான்.

4. காத்திருப்பு

தென்காசியில் வீட்டோடு இருந்தேன். விசா என்னாயிற்று என்று கேட்டு எலினுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. மாதம் ஒரு நினைவூட்டல், முந்தைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு. அதற்கும் இல்லை. அவர்கள் ஆல்பத்தைப் போனில் கேட்டுக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். அந்தப் பாட்டுகளை உட்கார்ந்து கேட்க முடியாது.

“ஏன் இப்படி உலாத்துதீய? ஒரு எடத்துல இரிங்களேன்” என்றாள் மனைவி.

இன்று லாட்ஜ் கவுன்ட்டரில் இருக்கும் தம்பிகளுக்கு, விதியை மீறவே மாட்டேன் என்று சொல்லாதீர்கள் என்பேன். உங்களையும் ஏதோ ஒரு பாட்டு நகர்த்தும். மீறினால் அதை அடுத்தவர் பெயரில் எழுதாதீர்கள். நடந்ததை அன்றே எழுதுங்கள். ஒரு நாள் தள்ளிப்போட்டால் சம்பந்தப்பட்ட எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள்.

கடைசியில் ஒருவழியாக வந்த எலினின் பதிலில் மூன்றே வாக்கியங்கள் இருந்தன. மூவருக்கும் விசா கிடைத்துவிட்டது. உங்கள் வாக்குமூலத்தையும் சேர்த்துத்தான் கொடுத்தோம். என்னிடம் பொய் சொன்னதை இன்னும் மன்னிக்கவில்லை, அதனால் சென்னைக்கு வந்து முன்வரிசையில் உட்காருங்கள்.

அந்தப் பதில் வந்து சேர்ந்தது, மார்கழி பிறக்கச் சில நாளே இருக்கையில், கார்த்திகை இருபத்தேழாம் தேதி, வெள்ளிக்கிழமை.