ஓடும் தறியில் கை வைத்த வாரம்

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. மங்கலம் என்ற ஊரில் ஒரு தறிக் குடோனில் அம்மாவும் அப்பாவும் கூலிக்குத் தறி ஓட்டினார்கள். பள்ளி விட்டதும் நேரே அங்கேதான் போவேன். வாசலில் கால் வைக்கும்போதே காதைப் பொத்திக்கொள்வேன். சத்தம் சீக்கிரமே பழகிவிட்டது. அம்மாவின் கைதான் பழகவில்லை. பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில், ஓர் இழை அறுந்தால் அவர் தறியை நிறுத்த மாட்டார். முன்னும் பின்னும் அடிக்கிற பலகை திரும்பி வருவதற்குள் விரலை உள்ளே விட்டு, இழையைப் பிடித்து, முடிச்சுப் போட்டு எடுத்துவிடுவார். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

"தறியை நிறுத்துனா துணி கொறையும் கண்ணு. பயந்துட்டு நின்னா பொழைக்க முடியுமா?" என்பார்.

பன்னிரண்டு வயதில் எனக்கும் அந்த வித்தை வந்துவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. தறியிலிருந்து தப்பிக்கத்தான் விழுந்து விழுந்து படித்தேன். கடைசியில் கிடைத்தது என்னவோ ஜவுளிப் பொறியியல். என் தலையெழுத்தை நினைத்து அன்றைக்குச் சிரித்தேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. மாணவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனி முதலாளி வீட்டுப் பிள்ளைகள். என் ஆங்கிலம் தடுமாறும்போதெல்லாம் பின்வரிசையில் ஒரு கேலிக் கமறல் கேட்கும். தினமும் வகுப்புக்குப் போகுமுன் பாடத்தை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துக்கொள்வேன்.

ஆய்வகத்தில் ஒரு பழைய தறி இருந்தது. ஒரு நாள் அது ஓடிக்கொண்டிருக்கும்போது இழை அறுந்தது. நிறுத்திவிட்டு விளக்க வேண்டியதுதான் முறை. அந்தக் கமறல் மறுபடி கேட்டது. எனக்கு என்ன தோன்றியதோ, ஓடுகிற தறியிலேயே கையை விட்டு இழையை முடிந்து எடுத்தேன். பின்வரிசை கைதட்டியது. சேர்ந்த நாளிலிருந்து முதன்முறையாக அன்றுதான் நிமிர்ந்து நடந்தேன்.

அடுத்த வாரம் அதே ஆய்வகத்தில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் மாணவர்கள் ஓட்டிக்கொண்டிருந்த தறியின் சத்தம் ஒரு அடி தவறியது. தறி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது போதும், திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. நோட்டைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினேன். ஒரு மாணவி வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். சோமனூர்ப் பக்கத்துப் பெண். அவள் வீட்டிலும் தறிதான். ரத்தம் அதிகமில்லை. இரண்டு விரல் முறிந்திருந்தது.

மறுநாள் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "பர்மிஷன் இல்லாம மெஷின்ல கை வெச்சிருக்கா. மேனேஜ்மெண்ட்ல டிஸ்மிஸ் பண்ணச் சொல்றாங்க. நீங்க என்ன பாத்தீங்க மேடம்?"

"நோட்டுத் திருத்திட்டு இருந்தேங்க சார். பாக்கலைங்க."

பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வந்தது. போன வாரம் நான் செய்ததை முழு வகுப்பும் பார்த்திருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. இன்டர்னல் மார்க் போடும் பேனா என்னிடம் இருந்தது, அவர்களுக்கும் பயம். யாராவது சொல்லிவிடுவார்களோ என்று காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அன்று மதியம் அந்தப் பெண்ணின் அம்மா வந்தார். தறியிலிருந்து நேராக வந்திருந்தார், தலையெல்லாம் பஞ்சு.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. நாங்க ஊட்டுல ஓடுற தறியிலதானுங்க இழை முடியறது. அதப் பாத்துத்தான் இவளும் கை வெச்சுட்டா. எங்க மேலதானுங்க தப்பு. புள்ளைய வெளிய மட்டும் அனுப்பிராதீங்க."

பின்னால் கட்டுப் போட்ட கையோடு அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயில் உண்மை வந்து நின்றது. வேலை போய்விடும், திரும்பவும் குடோனுக்குத்தான் போக வேண்டும் என்ற பயம் அதை விழுங்க வைத்தது.

"சரிங்க, நான் பேசிப் பாக்கறேன்" என்றேன், ஏதோ தயவு செய்கிறவள்போல. அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

பேசினேன். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் விட்டுவிடலாம் என்றார்கள். என் மேஜையில் உட்கார்ந்து அவள் இடது கையால் எழுதினாள். ஒவ்வொரு எழுத்தும் கோணிக்கொண்டு போனது. பாதியில் நிமிர்ந்தாள்.

"மேடம், ஊட்டுல பாத்துப் பழகுனேன்னு எழுதட்டுங்களா?"

"எழுதும்மா" என்றேன்.

அவள் எழுதினாள். ஒற்றைக் கை என்பதால் தாள் நழுவிக்கொண்டே இருந்தது. எழுதி முடிக்கும்வரை நான்தான் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.