பங்காளி வைத்த வாழை

தனபாலைப் பற்றி நான் சொல்வதில் வயிற்றெரிச்சல் கொஞ்சம் கலந்திருக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது. அவன் என் பங்காளி. என் தாத்தாவும் அவன் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். பொள்ளாச்சிக்கு மேற்கே என் தோட்டத்துக்கும் அவன் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான். அவன் சோமனூரில் எட்டு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தான். பொங்கலுக்கு மட்டும் ஊருக்கு வருவான். அவனுடைய மூன்று ஏக்கரும் முள் மண்டிக் கிடந்தது. உள்ளதைச் சொன்னால் என்ன, எனக்கு அது பிடித்திருந்தது.

நான் பதினோரு வருடமாக ஏற்றுமதி வாழை வைக்கிறேன். துபாய்க்குக் கப்பலேறும் பச்சை வாழை. காற்றில் சாய்ந்தது, கிணறு வற்றியது, எல்லாம் நானே பட்டுத் தெரிந்துகொண்டது. ஏன் என்று கேட்க எனக்கு ஒரு நாதி இருந்ததில்லை.

போன வருடம் தனபால் ஊருக்கே வந்துவிட்டான், தொழில் நொடித்துப்போய்விட்டது என்று ஊரே பேசியது. நாற்பத்தாறு வயதில் மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவன். அவன் வந்த நேரத்தைப் பாருங்கள், வாழை வாங்கும் கம்பெனி புது விவசாயிகளுக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. கன்று சும்மா, சொட்டுநீர்க் குழாய் சும்மா, தாருக்கு மாட்டும் நீல உறைகூடச் சும்மா! கம்பெனியிலிருந்து ரித்திகா என்று ஒரு பெண் வாராவாரம் வந்து அவன் தோட்டத்தில் இலை இலையாகப் பார்ப்பாள். சிங்காநல்லூர்க்காரி, கெட்டிக்காரி. ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க தம்பிதுரை அண்ணா, நீங்க பக்கத்துலயே இருக்கறீங்க. தனபால் அண்ணனுக்கு வழிகாட்டியா உங்க பேரைப் போட்டுக்கட்டுங்களா? முதல் வெட்டுல கால்வாசிக்கு மேல கழிவு வந்தா அவரைத் திட்டத்தை விட்டே எடுத்துப்போடுவாங்க."

"அதுக்கென்னுங்க அம்மணி, நம்ம தம்பிதானுங்களே" என்று பல்லைக் காட்டினேன். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது.

சொல்லிக் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. குழி எடுப்பதிலிருந்து பக்கக்கன்று கழிப்பதுவரை சொன்னேன். அவன் பாழாய்ப்போன தறிக்காரன், சொன்னதை அப்படியே செய்தான். ஒரு அங்குலம் பிசகவில்லை. என் தாரில் ஒன்பது சீப்பு என்றால் அவன் தாரில் பதினொன்று. ரோட்டில் போகிறவன் வண்டியை நிறுத்தி அவன் தோட்டத்தைப் போட்டோ எடுக்கிறான். சாப்பிட உட்கார்ந்தால் என் வீட்டுக்காரி, "தனபால் தம்பி கை ராசியான கைதானுங்க" என்கிறாள். எனக்குச் சோறு இறங்குமா?

ஏற்றுமதி வாழைக்கு நாடாதான் ஜாதகம். ஒரு வாரத்தில் தார் விட்ட மரத்துக்கெல்லாம் அந்த வாரத்து நிறத்தில் ஒரு நாடா கட்ட வேண்டும். பன்னிரண்டு வாரம் கழித்து அந்த நிறத்தைப் பார்த்து வெட்டுவார்கள். அதற்குமேல் முற்றிய தார் கலந்தால் கப்பலிலேயே பழுக்கும், கூட இருக்கிறதையும் பழுக்க வைக்கும். தார் விட ஆரம்பித்த சமயத்தில் தனபால், மிச்சமிருந்த தறிகளைக் கழற்றிக் கொடுக்க இரண்டு வாரம் சோமனூர் போய்விட்டான். அந்த இரண்டு வாரமும் நாடா கட்டவில்லை. திரும்பி வந்தவன் என்ன செய்தான் தெரியுமா? விட்டுப்போனது, புதிதாக விட்டது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சிவப்பு நாடாவாகக் கட்டினான். தறி இரண்டு நாள் நின்றால் மூன்றாம் நாள் சேர்த்து ஓட்டிச் சரிக்கட்டுகிற புத்தி. வாழையையும் அப்படியே நினைத்துவிட்டான்.

நான் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் கொடுத்தால் போதும். கொடுக்கவில்லை. கெடட்டும் என்றுதான் நினைத்தேன். அன்று சோறு நன்றாக இறங்கியது.

முதல் வெட்டு நாளன்று சிவப்பு நாடா கட்டிய தாரெல்லாம் பேக்கிங் கொட்டகைக்கு வந்தது. ரித்திகா ஒரு காயை ஒடித்துப் பார்த்தாள். இன்னொன்றை ஒடித்தாள். முகம் மாறிவிட்டது.

"உள்ள மஞ்சள் ஏறியிருச்சுங்களே! எப்படிங்க இது?"

பிரித்துப் பார்த்ததில் பாதிக்குமேல் கழிவு. தனபால் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நாடா கட்டிய கதையைச் சொன்னான். "அண்ணன் வேலியோரம் நின்னு பார்த்துட்டுத்தானுங்க இருந்தாங்க. தப்புன்னா சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சுப்போட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். அவன் உடனே, "அத்தனை தூரத்துல அண்ணனுக்கு நிறம் தெரிஞ்சிருக்காதுங்க" என்றான்.

பாருங்கள், அந்த நிலையிலும் எனக்கு ஒரு சாக்கு எடுத்துக் கொடுக்கிறான்! நான் தலையை ஆட்டினால் என் மானம் தப்பும். அவன் பெயரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். தறியும் போய், தோட்டமும் போய் நிற்பான். நான் ஆசைப்பட்டது அதுதானே? தலை ஆடவில்லை.

"நல்லாத் தெரிஞ்சுதுங்க அம்மணி. பொறாமைல சும்மா இருந்துபோட்டேன்."

கொட்டகையில் வேலை செய்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரித்திகா கையிலிருந்த பதிவேட்டைத் திறந்தாள். "வழிகாட்டி பண்ணுன தப்புன்னு எழுதறேனுங்க. அவருக்கு அடுத்த வெட்டுவரைக்கும் தவணை உண்டு" என்றாள். என் பெயரை என் கண் முன்னாலேயே அடித்தாள்.

கழித்த தாரை உள்ளூர்ச் சந்தைக்கு ஏற்ற வேண்டும். தனபால் ஒரு பக்கம் பிடித்தான், நான் ஒரு பக்கம் பிடித்தேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். நாலு தார் ஏற்றியபிறகு வாயைத் திறந்தான்.

"பொங்கலுக்கு வாரப்பெல்லாம் உங்க தோட்டத்தைப் பார்த்துப்போட்டுப் போவேனுங்கண்ணா. சோமனூர் போய்ச் சேர்ற வரைக்கும் வயிறு எரியும். எதுக்குத் தறியை வித்தேன்னு நெனச்சீங்க?"

எனக்கு அந்த இடத்தில் வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். அதை அவன் பார்த்துவிடக்கூடாது என்று அடுத்த தாரை ஒற்றையாளாகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன்.